முதலில் காத்து, அப்புறம்தான் மார்க்கர்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வந்தான். காபி கொடுப்பதற்குள் போனை நீட்டிவிட்டான். "மாமா, நீங்க மலேசியாவுல இருந்தப்ப இதெல்லாம் ஆடினவர்தானே, இதைக் கொஞ்சம் பாருங்க."

பத்து பெயின்ட்பால் மார்க்கர், பத்து சிஓடூ பாட்டில், ஒரு சாக்கு நிறைய முகமூடி. எங்கேயோ ஒரு திடலை மூடுகிறார்களாம், மொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள். இவனுக்கு மண்ணூரில், பேரம்பாக்கம் போகிற ரோட்டை ஒட்டி, குத்தகைக்கு ஒரு நிலம் கிடைக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் இத்தனை கம்பெனி இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு முறையாவது ஆட்களை வெளியே கூட்டிப்போவார்கள், அதில் பாதி நம்மிடம் வந்தால்கூடப் போதும் என்பது அவன் கணக்கு. கணக்கு தப்பில்லை. சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம்.

நான் ஜோகூரில் வேலை பார்த்த நாலு வருஷமும் ஞாயிறு தவறாமல் ஆடியவன். 2012-ல் ஊர் திரும்பும்போது மார்க்கரை அங்கேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு தொட்டதில்லை. ஆகவே மச்சானிடம் இரண்டு வாரம் டைம் கேட்டு, பழசை ஞாபகப்படுத்திக்கொண்டு, புதுசாக என்ன வந்திருக்கிறது என்று படித்து, நாலு பேரிடம் விசாரித்து எழுதி வைத்த குறிப்புதான் இது. இவ்வளவு வருஷம் கழித்து நீங்களும் திரும்ப இறங்குவதாக இருந்தால் உபயோகப்படும்.

முதலில் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இந்த விளையாட்டுக் கருவி விளையாட்டுக்காகப் பிறந்ததே இல்லை. அமெரிக்காவில் வெட்ட வேண்டிய மரங்களையும் மந்தையில் பிரிக்க வேண்டிய மாடுகளையும் தூரத்திலிருந்து பெயின்ட் அடித்து அடையாளம் வைக்க நெல்சன் என்ற பெயின்ட் கம்பெனி விற்ற கருவி அது. அதனால்தான் இன்றைக்கும் அதன் பெயர் 'மார்க்கர்'. 1981 ஜூனில் நியூ ஹாம்ஷர் மாநிலத்து ஹென்னிகர் ஊரில் 12 பேர் அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய் ஆடியதுதான் முதல் ஆட்டம். உருண்டை என்பது நம்ம மீன் எண்ணெய் மாத்திரைதான்: ஜெலட்டின் தோல், உள்ளே கலர். மாத்திரைக் கூடு செய்கிற கம்பெனியே அன்றைக்கு உருண்டையையும் செய்து கொடுத்தது. இன்று பெரும்பாலும் 0.68 அங்குல விட்டம், சுமார் 3 கிராம் எடை. விநாடிக்கு 300 அடி வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்பது எங்கும் பொதுவான விதி. பல திடல்களில் 280 தான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். திரும்ப வருகிற எல்லோரும் செய்கிற தப்பு, நானும் முதல் நாள் செய்த தப்பு, 'எந்த மார்க்கர் நல்லது' என்று தேட ஆரம்பிப்பது. கேட்க வேண்டிய முதல் கேள்வி: உங்கள் வீட்டிலிருந்து போய்வருகிற தூரத்தில் எந்த வாயுவை, எந்த அழுத்தத்தில், யார் நிரப்பித் தருவார்? அதற்கு வருகிற பதில்தான் மார்க்கரைத் தேர்ந்தெடுக்கும். நாம் தேர்ந்தெடுப்பதில்லை.

மச்சான் பார்த்து வைத்ததெல்லாம் சிஓடூ செட். "வெல்டிங் காஸ் கடையில எங்க பார்த்தாலும் சிஓடூ கிடைக்குது மாமா, அதுதான் சுலபம்" என்றான். உண்மைதான். இந்தப் பக்கம் சேசிஸ், பாடி வெல்டிங் நடக்காத தெருவே கிடையாது. மிக் வெல்டிங்குக்கு சிஓடூவும் ஆர்கான் கலவையும் லாரி லாரியாகப் போகிறது. வாயு எங்கள் ஊருக்கு அந்நியமில்லை. 2021 ஏப்ரலில் ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஆக்சிஜனை ஆந்திராவுக்கும் தெலங்கானாவுக்கும் திருப்பிவிட்டதற்காகத் தமிழக அரசு மத்திய அரசுக்கு எழுதியது ஞாபகம் இருக்கலாம்.

ஆனால் சிஓடூவுக்கும் நம்ம வெயிலுக்கும் ஒத்துவராது. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஜோகூரில் ஆடும்போது அனுபவத்தில் பட்டேன், காரணம் இப்போதுதான் சரியாகப் புரிந்தது.

சிஓடூ பாட்டிலில் இருப்பது திரவம், மேலே கொஞ்சம் ஆவி. நம்ம வீட்டு கேஸ் சிலிண்டர் மாதிரி. சுடச் சுட ஆவி குறையும், திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பும். அதனால் பாட்டில் காலியாகும் வரை அழுத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். 20 டிகிரியில் அது சுமார் 57 பார், அதாவது 830 பிஎஸ்ஐ. பழைய மார்க்கர்கள் எல்லாம் இந்த 800 சொச்சத்தை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டன. ரெகுலேட்டர் வேண்டாம், மலிவு, எளிமை. குளிர்ந்த நாட்டில் அழகான ஏற்பாடு.

வெப்பம் ஏறினால்? அழுத்தமும் ஏறும். 31 டிகிரியில் சுமார் 74 பார். அந்த 31 டிகிரியில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு மேல் சிஓடூவில் திரவம், ஆவி என்ற பிரிவே இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. முழுக்க ஒரே அடர்த்தியான ஒன்றாகிவிடும். அதன் பிறகு பாட்டிலுக்குள் எவ்வளவு அடைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அழுத்தம். முறையாக, ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 680 கிராம் என்ற கணக்கில் நிரப்பினாலும், சுமார் 27 டிகிரியிலேயே திரவம் விரிந்து பாட்டில் முழுவதையும் பிடித்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் தாவும். 40 டிகிரியில் 110 பார் பக்கம். 50-ல் 140 தாண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரி என்றால் 170-க்கும் மேல். கடைக்காரர் கை கொஞ்சம் தாராளமாக இருந்து கூடுதலாக அடைத்திருந்தால் 200 பாரைத் தாண்டிவிடும். அப்போது வால்வில் இருக்கிற பாதுகாப்புத் தகடு வெடித்துத் திறக்க வேண்டும். அதற்குத்தான் அது இருக்கிறது. ஆனால் அது திறக்கும்போது நீங்கள் டிரைவர் சீட்டில் இருக்க விரும்ப மாட்டீர்கள்.

27 டிகிரி, 31 டிகிரி. காஞ்சிபுரம் மாவட்டத்தில் இவை மே மாத உச்சி வெயில் இல்லை, சாதாரண நாளின் காலை ஒன்பது மணி. சிஓடூ தன் குணப்படி ஒழுங்காக வேலை செய்வது இங்கே மார்கழி விடியற்காலையில் மட்டும்தான்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. வேகமாகச் சுட்டால் திரவம் வேகமாகக் கொதிக்க வேண்டும், அதற்கான சூட்டைப் பாட்டிலிடமிருந்தே உறிஞ்சும். ஓட்டல் அடுப்படியில் பெரிய கேஸ் சிலிண்டர் அடிப்பக்கம் பனி பூத்து, அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதை. அழுத்தம் விழும், உருண்டை பத்தடி முன்னாலேயே தொங்கும். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் திரவமே மார்க்கருக்குள் போய் ஓ-ரிங்கை உறைய வைக்கும். ஆக ஒரே மதியத்தில், முதல் குண்டு விதியைத் தாண்டிய வேகத்தில் போகும், இருபதாவது குண்டு பாதி வேகத்தில் போகும். காலையில் வேகமானியில் 280 வைத்தவன் மதியம் 320-ல் அடித்துக்கொண்டிருப்பான், தனக்கே தெரியாமல். காசு கொடுத்து வருகிறவர்களுக்கு இது நடக்கவே கூடாது.

துப்பாக்கி சுடும் விளையாட்டிலும் இதே பாதைதான். 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டலில் ஒரு காலத்தில் சிஓடூ புழங்கியது. வெப்பத்தோடு ஆடுகிற அழுத்தம் அங்கே ஒத்துவரவில்லை, அழுத்தப்பட்ட காற்றுக்கு மாறிவிட்டார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி இன்று முழுக்கக் காற்றில்தான் ஓடுகிறது.

சரி, காற்று. இதைச் சொன்னவுடன் மச்சான் கேட்டான்: "எங்க கம்பெனியில லைன் முழுக்க ஏர்தானே மாமா ஓடுது?" ஓடுகிறது, 7 பாரில். பங்ச்சர் கடை கம்ப்ரசரும் அதே பக்கம்தான். பெயின்ட்பால் பாட்டில் இரண்டு அளவில் வரும்: அலுமினியம் 3000 பிஎஸ்ஐ, அதாவது 207 பார். கார்பன் ஃபைபர் சுற்றியது 4500, அதாவது 310 பார்.

இங்கே ஒரு பொதுவான குழப்பம். 4500 பாட்டில் என்றால் பலமாக அடிக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை. பாட்டில் வாயிலேயே இருக்கிற ரெகுலேட்டர் அதை 800 பிஎஸ்ஐ சொச்சத்துக்குக் குறைத்துத்தான் வெளியே விடும். உருண்டை போவது அதே 280 அடியில்தான். இப்போது வருகிற சில மார்க்கர்கள் உள்ளுக்குள் அதை இன்னும் குறைத்து 135 பிஎஸ்ஐயில் சுடுகின்றன. கம்பெனி லைன் அழுத்தத்துக்கு ரொம்ப தூரமில்லை! பிறகு எதற்கு 3000, 4500? இடுப்புயரப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பதற்காக. சின்னப் பாட்டிலுக்குள் நிறையக் காற்றை மடித்து வைக்கிறோம், அவ்வளவுதான். உயர் அழுத்தம் பைக்காக, குண்டுக்காக இல்லை.

கணக்காகப் பார்த்தால், என் உத்தேசத்தில் பழைய வகை மார்க்கர் ஒரு குண்டுக்கு கால் லிட்டரும் சொச்சமும் காற்று தின்னும். 48 கன அங்குல அலுமினியப் பாட்டிலின் கொள்ளளவு சுமார் 0.8 லிட்டர். 207 பாரில் நிரப்பினால், ரெகுலேட்டருக்கு வேண்டிய கடைசி 58 பாரைக் கழித்து, 400 குண்டு பக்கம். 68 கன அங்குலம், 4500 என்றால் 1000 வரை.

யார் நிரப்புவார்? இங்கேதான் நிறைய அலைந்தேன். 300 பாரில் காற்று நிரப்புகிற வசதி நம் சுற்றுவட்டாரத்தில் இல்லாமலில்லை. தொழிற்சாலைத் தீயணைப்புப் பிரிவில் முதுகில் மாட்டுகிற பிஏ செட் சிலிண்டர் 300 பார்தான். அதை நிரப்பும் கம்ப்ரசர்கள் இருக்கின்றன, ஆனால் அது உயிர் காக்கிற ஏற்பாடு, விளையாட்டுக்குக் கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். ஆழ்கடல் நீச்சல் சொல்லித்தருகிற இடங்கள் புதுச்சேரியில் உண்டு, அங்கே 200 பார். வாரா வாரம் போய்வர முடியாது. நல்ல பெயருள்ள கம்ப்ரசரைச் சொந்தமாக வாங்கினால் அது பழைய மார்க்கர் பத்தையும் விட விலை அதிகம். ஈரத்தை வடிகட்டுகிற ஃபில்டரை நேரத்துக்கு மாற்ற வேண்டும். நம்ம ஊர் ஈரக்காற்றை 300 பாருக்கு நசுக்கினால் பாட்டிலுக்குள் தண்ணீர் தேங்கும்.

இன்னொரு வழி நைட்ரஜன். மார்க்கருக்கு அதுவும் காற்றும் ஒன்றுதான். ஆரம்ப காலத்தில் 'நைட்ரோ' என்றுதான் சொல்வோம். காஸ் கடையின் பெரிய சிலிண்டர் 47 லிட்டர், 150 பார், 7 கன மீட்டர். கேட்க நிறைய. ஆனால் 150-லிருந்து 150-க்கு மேல் நிரம்பாது. பத்துப் பாட்டிலை ஒரு சுற்று நிரப்பினால் பெரிய சிலிண்டர் 130-க்கு இறங்கும், இரண்டாவது சுற்றில் 120-க்கும் கீழே. அப்போது பாட்டிலுக்கு 170 குண்டுதான் தேறும். மீதி வாயு சிலிண்டரிலேயே உட்கார்ந்திருக்கும். அது போக, எரிவாயு சிலிண்டர் விதிகள் 2016-ன்படி உரிமம் இல்லாமல் சிலிண்டர் நிரப்பக்கூடாது. சந்து ஷெட்டில் குழாய் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். உரிமம் உள்ள நிரப்பு நிலையத்தோடு பேசி முடிப்பதுதான் வழி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் சிலிண்டர் இங்கே எல்லா ஷெட்டிலும் நிற்கிறது. அதை ஒருநாளும், அவசரத்துக்குக்கூட, இந்தப் பாட்டிலில் ஏற்றாதீர்கள். மார்க்கருக்குள் எண்ணெயும் கிரீஸும் இருக்கிறது. உயர் அழுத்த ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தீக்குச்சி தேவையில்லை. அதே மாதிரி காற்றுப் பாட்டிலில் சிஓடூவையும் ஏற்றக்கூடாது. மார்க்கர் பக்கம் இரண்டுக்கும் ஒரே மரைதான், அதனால் பழைய சிஓடூ மார்க்கரில் காற்றுப் பாட்டில் நேராகப் பொருந்தும், நன்றாகவே ஓடும். அந்த வசதிதான் ஆபத்தும்.

இவ்வளவுக்குப் பிறகு மார்க்கர் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நான் ஆடியது டிப்மேன் 98 கஸ்டம். இரும்பு உலக்கை. மண்ணில் போட்டு எடுத்தாலும் சுடும், ஆறு ஆலன் கீ இருந்தால் பிரித்து மாட்டலாம். ஒவ்வொரு குண்டிலும் பின்னால் உதைக்கிற சுத்தியல் வகை, காற்றை அள்ளிக் குடிக்கும். திடல்காரருக்கு இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன். நான் இல்லாத காலத்தில் வந்தவற்றில் எனக்குப் பிடித்தது பிளானெட் எக்லிப்ஸ் எமெக் 100. பேட்டரி கிடையாது, ட்ரிக்கர் இழுத்தால் ஒரு குண்டு. முன்பு விலையுயர்ந்த எலக்ட்ரானிக் மார்க்கரில் மட்டும் இருந்த குறைந்த அழுத்த வால்வை எடுத்து, சாதா ட்ரிக்கரோடு கட்டியிருக்கிறார்கள். அந்த 135 பிஎஸ்ஐ கதை இதுதான். சத்தம் கம்மி, உருண்டையைப் பேரலுக்குள்ளேயே உடைப்பதும் கம்மி. சிஓடூ இதற்கு ஆகாது, காற்று மட்டும். பாட்டில் பாதிதான் நிரம்புகிறது என்கிற நம்ம ஊர் நிலைமையில், கம்மியாகக் குடிக்கிற மார்க்கர் என்பது சொகுசு இல்லை, தேவை.

எலக்ட்ரானிக் மார்க்கர் வேண்டாம் என்றேன். அதன் வேகத்துக்கு உருண்டை வாங்கிக் கட்டாது. திடலில் பணம் கரைவது மார்க்கரில் இல்லை, உருண்டையில்தான்.

உருண்டை பற்றியும் ஒரு வார்த்தை. ஜெலட்டின் ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி மழையில் திறந்த பையை விட்டுவைத்தால் ஊதிப் பேரலில் சிக்கும். வெயிலில் வைத்தால் இளகி ஒரு பக்கம் தட்டையாகிவிடும். காற்றுப் புகாத டப்பா, நிழல், கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது. இறக்குமதிப் பெட்டியைப் பார்த்து ஒரு வருஷத்துக்குச் சேர்த்து வாங்கும் ஆசை மச்சானுக்கு இருந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முகமூடி விஷயத்தில் பேரமே கிடையாது. 280 அடி வேகத்தில் வருகிற 3 கிராம் உருண்டையிடம் சுமார் 11 ஜூல் இருக்கிறது. தொடையில் பட்டால் நீலம் கட்டும், கண்ணில் பட்டால் கண் போகும். பெயின்ட்பாலுக்கென்றே இருக்கிற ஏஎஸ்டிஎம் எஃப்1776 தரம் போட்டதாக இருக்க வேண்டும். கண்ணாடி இரட்டை அடுக்காக இருக்க வேண்டும். ஏனென்றால் நம்ம ஊர் புழுக்கத்தில் ஒற்றை அடுக்கு ரெண்டே நிமிஷத்தில் புகை மண்டிவிடும். புகை மண்டினால் ஆடுகிறவன் என்ன செய்வான்? தூக்கித் துடைப்பான். கண் போகிற விபத்துகள் பெரும்பாலும் முகமூடி கழன்ற அந்த நொடியில்தான் நடக்கின்றன. பழைய கண்ணாடி வருஷம் ஆக ஆக இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், பார்க்கத் தெரியாது. மச்சானின் சாக்குப்பையில் இருந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரமெல்லாம் மஞ்சள்.

வெளிநாட்டிலிருந்து மார்க்கர் கொண்டுவர நினைப்பவர்களுக்கு: ஆயுதச் சட்டம், சுங்கம் இரண்டையும் முன்கூட்டியே விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டில் தனிக் கதை. இறக்குமதிச் சிலிண்டருக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ அமைப்பின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்க முத்திரை மட்டும் இருந்தால் போதாது. அந்த முத்திரைப்படி ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனை, கார்பன் ஃபைபருக்கு மொத்த ஆயுளே 15 வருஷம்.

போன வாரம் அந்தப் பத்துப் பாட்டிலில் இரண்டை மாதிரிக்கு வாங்கிக்கொண்டு, நானும் மச்சானும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு காஸ் கடைக்குப் போனோம். பெரியவர் ஒருவர் இருந்தார். எடையைப் பார்க்கவில்லை, வால்வைப் பார்க்கவில்லை. பாட்டிலைத் திருப்பித் தோளில் அடித்திருந்த தேதியைக் கட்டை விரலால் தடவிப் படித்தார். 2009.

"தம்பி, இதை யாரு உங்களுக்குக் குடுத்தது?" என்றார் மச்சானிடம். "இதுல நான் காத்து ஊத மாட்டேன், நீங்களும் வேற எங்கயும் ஊதாதீங்க. வாயில துளை போட்டுட்டு பழைய இரும்புக்குப் போட்டுடுங்க."

விற்கிறவரிடம் பேசி, பாட்டிலும் முகமூடியும் வேண்டாம், மார்க்கரில் நல்லதாக நாலு மட்டும் என்று முடித்தோம். நாலும் 98 தான். ஓ-ரிங் செட் மாற்றி, காற்றுப் பாட்டிலுக்கு ஏற்றபடி சரி பார்த்து வைத்திருக்கிறேன். முகமூடி பன்னிரண்டு புதுசாகச் சொல்லியிருக்கிறது. ஒப்புதல் உள்ள பாட்டிலுக்கும், நிரப்பித் தர உரிமம் உள்ள இடத்துக்கும் பேச்சு ஓடுகிறது. அது முடிகிற வரை குத்தகைக்கு அட்வான்ஸ் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். கொடுக்கவில்லை என்றுதான் சொல்கிறான். அக்காவிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.